மேற்கே இருட்டினால்

எளாவூர்
3.5.2025

ஷாலினி அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நீங்கள் கத்துவீர்கள், மூன்றாவது நிமிடம் நான் கட் பண்ணுவேன். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் கத்த முடியாது, வேண்டுமானால் முயன்று பாருங்கள். நண்டு ஏற்றிக்கொண்டு தினமும் சூலூர்பேட்டைக்குப் போகிற ஜோயலின் வண்டி இங்கே செக்போஸ்டில் நின்றுதான் போகிறது. அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலம் ஷாலினி வழக்கம்போல் உங்களுக்குப் போன் பண்ணுவாள். அம்மாவிடம் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

மே ஒன்றாம் தேதி மேற்கே இடித்துக்கொண்டிருக்கும்போதே ஏரியில் வலை கட்டப் போனீர்களாமே. பொன்னியம்மாள் அக்கா சொன்னாள். அவள் புருஷன் சின்னதம்பி உங்கள் படகில்தானே வருகிறார், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்திலா பயத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

சித்திரை ஒன்று லீவு என்று ஷாலினியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். போகும்போதே மேகம் கறுத்திருந்தது. நான் கரையில் நின்று கூப்பிட்டேன், கை ஆட்டிவிட்டுப் போனீர்கள். இருபது முழம் தள்ளி ஊன்றியிருந்த வலைக் கம்பில் இடி விழுந்தது. எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு படகில் கிடந்தாள். கரைக்கு வந்து நீங்கள் சொன்ன வார்த்தை: "ஒண்ணும் ஆவலையே, இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இப்டி அழுவுறீங்க?"

அந்த வார்த்தைக்காகத்தான் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளையோடு இங்கே பிறந்த வீட்டுக்கு, நைனாவிடம் வந்தேன். வேறு காரணம் எதையும் நீங்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

நிவேதா


கோட்டைக்குப்பம்
5.5.2025

நிவேதாவுக்கு,

உன் கடிதம் முழுக்க நண்டு வாசனை. ஜோயல் பிரித்துப் படித்திருப்பான் என்று சந்தேகம். "அண்ணி இன்னா எழுதிச்சு"ன்னு கேட்டுக்கொண்டே கொடுத்தான். அதனால் இதற்கு நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். நகம் போகாமல் பிரி.

கத்திரி நேற்றுத் தொடங்கியது. இங்கே அதற்கு முன்னாலேயே எல்லாம் வெந்துவிட்டது. ஏரி கரையை விட்டு அரை மைல் உள்ளே போய்விட்டது, சேறு வெடித்துக் கிடக்கிறது. கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் விடியும் முன்னால் இறங்கி எட்டு மணிக்கெல்லாம் ஏறிவிடுகிறார்கள், அதற்கு மேல் தண்ணீர் சுடுகிறது என்கிறார்கள். ஃபேன் சுற்றுகிறது, காற்று வருவதில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போய்ப் படுக்கிறேன். எங்கே படுத்தாலும் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டில் வெயில் இரண்டு பங்கு என்று எழுதலாம். எழுதினால் நீ சிரிப்பாய், எழுதவில்லை.

இடி விழுந்தது விழுந்ததுதான். நான் இல்லை என்று சொன்னேனா? யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏரியில் பிறந்தவனுக்கு மேகம் புதிதா? உன் போன் அலறுகிறதே, திருவள்ளூர் மாவட்டத்தில் இடி மின்னல் என்று. திருத்தணியும் இந்த மாவட்டம்தான், எங்கள் ஏரியும் இந்த மாவட்டம்தான். எங்கே விழும் என்று அதற்கே தெரியாது. அதை நம்பி உட்கார்ந்தால் உலை வைக்க முடியாது.

லீவில் பாதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஷாலினியை அழைத்துக்கொண்டு வா. பழவேற்காட்டுக்கு மெட்ராஸ்காரர்கள் கார் கட்டிக்கொண்டு வந்து நண்டு தின்றுவிட்டுப் போகிறார்கள். என் பிள்ளை வெளியூரில் உட்கார்ந்திருக்கிறாள்.

கவியரசன்


எளாவூர்
8.5.2025

ஷாலினி அப்பாவுக்கு,

யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குக்கர் விசில் அடித்தால் உங்கள் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போகிறாள். நேற்று நைனா டிராக்டரைக் கிளப்பியபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றாள். வெளியே வா என்று கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மாதான் நிக்கிறேன்" என்கிறாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேயும் வெயில்தான். மதியம் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வருகிறது. பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஆனால் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, நாலு பக்கம் சுவர் இருக்கிறது. இடித்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜூனில் அவளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசிவிட்டேன், இடம் இருக்கிறது. அங்கே டி.சி. வாங்க அப்பா கையெழுத்து வேண்டும். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கீழே பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போடுங்கள்.

நான் உங்களைப் பிரிந்து வந்துவிட்டேன் என்று நைனாவே நினைக்கிறார். அவரிடமும் ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை.

நிவேதா


கோட்டைக்குப்பம்
12.5.2025

நிவேதா,

கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன் என்றால் அந்த மூன்று நாளும் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். உன் நைனாவுக்கு மீன்காரன் மருமகன் என்பது பத்து வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. இப்போது இடி ஒரு சாக்கு. கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் சாத்துகிறாய்.

கல்யாணம் ஆன புதிதில் பாட்டு முறையை உனக்கு மணலில் கோடு போட்டுக் காட்டினேன். மறந்துவிட்டாய், திரும்பச் சொல்கிறேன். ஏரியில் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம்தான். அதில் ஆளுக்கு ஒரு முறை. எங்களுக்குப் பதினேழு நாளுக்கு ஒரு தரம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பேருக்கு உரியவன் தானே போய்க் கம்பு ஊன்றிச் சுத்து வலை கட்ட வேண்டும். மச்சானை அனுப்பினேன், கூட்டாளியை அனுப்பினேன் என்பதெல்லாம் செல்லாது. அவன் வரவில்லையென்றால் வரிசையில் அடுத்தவன் போவான், வராதவன் அடுத்த பதினேழு நாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். நான் போகாவிட்டால் சின்னதம்பிக்கும் அன்றைக்கு வேலை இல்லை, அவன் வீட்டிலும் அடுப்பு என்னை நம்பித்தான் எரிகிறது. சித்திரை ஒன்று எங்கள் முறை. மே ஒன்று எங்கள் முறை. வருகிற பதினெட்டு எங்கள் முறை. இந்தக் கோடையில் மழை மேகம் கட்டுவதும் அதே சாயங்காலத்தில்தான். அதற்கு நான் என்ன செய்யட்டும்? மேகத்துக்கு முறை எழுதிக் கொடுப்பதா?

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். கிழித்தால் நீ இன்னொன்று அனுப்புவாய்.

நேற்று ஷாலினி போனில் "அப்பா, அங்க இடிக்குதா?"ன்னு கேட்டாள். இல்லடா என்றேன். இடித்துக்கொண்டுதான் இருந்தது.

கவியரசன்


எளாவூர்
15.5.2025

கவி,

நைனா பேரை இழுக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுத ஆரம்பித்தேன். காகிதத்திலும் இழுத்துவிட்டீர்கள். ஆனால் அந்தக் கடைசி வரிக்காகத் திரும்பவும் எழுதுகிறேன்.

பாட்டு முறை எனக்கு மறக்கவில்லை. அந்த மணல் கோடுகூட மறக்கவில்லை. நான் ஏரிக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நெல் விதைக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு வேலையின் அருமை தெரியாதா? நான் கேட்பது ஒன்றுதான். எச்சரிக்கை வந்து மேற்கே இருட்டினால் அன்றைக்கு மட்டும் கரையில் இருங்கள். ஒரே ஒரு முறையை விட்டுக்கொடுங்கள். பதினெட்டாம் தேதி அப்படி நேர்ந்தால் நீங்கள் கரையில் இருந்தீர்கள் என்று பொன்னியம்மாள் அக்கா எனக்குச் சொல்லட்டும். மறுநாளே பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறேன். டி.சி. பேச்சு இருக்காது.

போனீர்கள் என்று கேள்விப்பட்டால் கையெழுத்து இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இது மிரட்டல்தான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

இங்கே அறுவடை முடிந்து நெல் முழுக்கக் களத்தில் கிடக்கிறது. கொள்முதலில் எங்கள் முறை செவ்வாய்க்கிழமைதான். நைனா தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு களத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். எனக்கும் தூக்கம் இல்லை.

நிவேதா


கோட்டைக்குப்பம்
19.5.2025, காலை

நிவேதா,

இருந்தேன். கரையில் இருந்தேன். உனக்காக இருந்தேன். பொன்னியம்மாளைக் கேட்டுக்கொள்.

மூன்றரைக்குப் போன் அலறியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை, பலத்த காற்று. மேற்கே தார் பூசியது மாதிரி வந்தது. சின்னதம்பி கம்பையெல்லாம் படகில் அடுக்கிவிட்டு "ஏறு, ஏறு, பொழுது போவுது"ன்னு நிற்கிறான். நான் வரவில்லை என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேறு. மெட்ராஸில் இருந்து வந்தவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு கரையில் நிற்கிறார்கள், அவர்களோடு நானும் நிற்கிறேன். வரிசையில் அடுத்த ஆள் தருமலிங்கம். உடனே தன் படகைத் தள்ளிக்கொண்டு போனான்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு தரம் உறுமிவிட்டு மேகம் முழுக்க வடக்கே திரும்பிப் போயிற்று. இங்கே ஒரு சொட்டு விழவில்லை. காலையில் தருமலிங்கம் நாலு கூடை வெள்ளை இறாலோடு வந்து இறங்குகிறான். அது எங்கள் இறால். சின்னதம்பி என் வீட்டைத் தாண்டிப் போகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடையில் ஒருத்தன், "இன்னாபா, அண்ணிகிட்ட பர்மிஷன் கிடைக்கலயா?"ன்னு கேட்கிறான்.

உன் பேச்சைக் கேட்டதற்குக் கிடைத்தது இது. இனி உன் பங்கு. இன்றைக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு வா. நேற்றுச் சாயங்காலம் அவள் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் சுவிட்ச் ஆஃப். டவர் இல்லையா, மனசு இல்லையா?

கவியரசன்


எளாவூர்
19.5.2025, காலை

கவி,

முதலில் இது: ஷாலினி நன்றாக இருக்கிறாள். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். இதைப் படித்த பிறகு மற்றதைப் படியுங்கள்.

நேற்று உங்களுக்கு வந்த செய்திதான் எனக்கும் வந்திருக்கும். மாவட்டம் ஒன்றுதானே. மூன்றரைக்கு வந்தது. படித்தேன். முழுவதும் படித்தேன். திறந்த வெளியில் நிற்காதீர்கள் என்று போட்டிருந்தது. நீங்கள் படகில் ஏறியிருப்பீர்களோ என்று மட்டும் நினைத்தேன்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. நைனா களத்தில் இருந்து கத்தினார், "அம்மாடி, நெல்லு போச்சு, தார்ப்பாய எடுத்துக்கினு வா." ஓடினேன். என் வீட்டில் எல்லாரும் ஓடித்தான் பழக்கம். மழை என்றால் நெல்லை மூட ஓடுவது, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? காற்று தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு போனது. நாலு முனை, நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் வேண்டும்.

வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "வேணாம்மா, வேணாம்மா"ன்னு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களைப் பிரித்துத்தான் இழுத்தேன். "ஒண்ணும் ஆவாது, ஒரு நிமிஷம்தான், முனையைப் பிடிச்சுக்கோ" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

களத்து ஓரத்தில் நிற்கும் பனையில் விழுந்தது. வெளிச்சம் மட்டும் தெரிந்தது, சத்தம் எனக்குத் தெரியவில்லை. நான் நெல் குவியல்மேல் கிடந்தேன். பனைக்குக் கீழே கட்டியிருந்த ஆடு செத்துவிட்டது. ஷாலினி தார்ப்பாயோடு தூக்கி எறியப்பட்டுக் களத்துக்கு வெளியே கிடந்தாள். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். இரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பில் காயம் இல்லை. வலது காதில் இரைச்சலாக இருக்கிறதாம், அந்தப் பக்கம் பேசினால் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் சரியாகலாம், திரும்ப வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

என் போன் நெல்லுக்குள் போய்விட்டது, காலையில்தான் கிடைத்தது. ஆனால் நைனாவிடம் போன் இருந்தது. வாங்கி உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை, ஏனென்றால் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு தூறலோடு மழை நின்றுவிட்டது, நெல் நனையவில்லை.

நிவேதா


கோட்டைக்குப்பம்
20.5.2025

நிவேதா,

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் போன் செய்தேன். எடுத்தாய். "தூங்குறாளா?" என்றேன், "தூங்குறா" என்றாய். இப்போதே வருகிறேன் என்றேன். "வராதீங்க, வந்தா ரெண்டு பேரும் அவ முன்னாடி கத்துவோம். சத்தமே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எழுதிட்டு வாங்க" என்றாய். சரி, எழுதுகிறேன்.

முதலில் எழுதியது ஆறு பக்கம். நீ எனக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து உனக்கே திருப்பி அனுப்பினேன். கூரை, சுவர், கதவு எல்லாம் அதில் வந்தது. நன்றாகவே வந்தது. முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். இதில் கடைசியாக ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. தோன்றியதும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

இது வேறு கடிதம். இதை எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உனக்காகக் கரையில் இருந்தேன் என்று எழுதினேனே, அது பொய். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது, ஆனாலும் நான் போகத்தான் கிளம்பினேன். ஒரு கால் படகில், ஒரு கால் தண்ணீரில். அப்போது மேற்கே உறுமியது. மற்றக் கால் எழவில்லை. கை நடுங்கியது. சின்னதம்பி பார்த்துவிடக் கூடாது என்று அப்படியே இறங்கி, வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போய் மணலில் உட்கார்ந்தேன். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நின்றான் என்று ஊர் சொன்னது. உண்மை தெரிவதற்கு அது மேல் என்று விட்டுவிட்டேன்.

மே ஒன்றாம் தேதியும் நடுங்கியது. சாக்கைப் போர்த்திக் கையை மறைத்துக்கொண்டேன்.

சித்திரை ஒன்று அன்றைக்குப் பிள்ளை மேல் கவிழ்ந்து படுத்திருந்தேன். கம்பில் விழுந்தபோது லுங்கியிலேயே மூத்திரம் போய்விட்டேன் நிவேதா. முப்பத்தாறு வயதில். கரைக்கு வந்ததும் ஏரியில் முங்கி எழுந்தேனே, நீ கூட "இப்ப குளியல் ஒரு கேடா" என்று திட்டினாயே, அதற்காகத்தான். ஒன்றும் ஆகவில்லை என்று உன்னிடமும் பிள்ளையிடமும் கத்தினேன். ஆயிற்று என்று ஒரு தரம் ஒத்துக்கொண்டால் அப்புறம் என்னால் ஏரியில் இறங்கவே முடியாது என்று பயம். எனக்கு வேறு வேலை தெரியாது.

நீ அவளைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்ததற்கு உன்னை என்ன சொல்வேன் என்று நேற்றுப் படிக்கும்போது நினைத்தேன். இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. விண்ணப்பம் அலமாரியில்தான் இருக்கிறது. நீ சொன்னால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவளைப் பார்க்க மட்டும் விடு.

உன்
கவி


எளாவூர்
21.5.2025

கவி,

உங்கள் கடிதத்தைச் செக்போஸ்டில் நின்றுகொண்டே படித்தேன். ஜோயல் "அண்ணி, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டான். அழுதுவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

உங்களிடம் சொல்லாத ஒன்று எனக்கும் இருக்கிறது. சித்திரை ஒன்றுக்குப் பிறகு ஷாலினி படுக்கையிலேயே மூத்திரம் போகிறாள். தினமும். இந்த வயதில் என்று நானும் இரண்டு தரம் திட்டியிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் காலையில் அவளே பாவாடையை அலசிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து, "வேர்வைம்மா" என்பாள். உங்களிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவுக்குப் பயந்தவர்களைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. படித்தேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன், கோபப்படுங்கள். இடது காதுப் பக்கம் உட்கார்ந்து, சித்திரை ஒன்று பற்றி எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன். அப்புறம் கேட்டாள், "அப்பாவும் போயிட்டாரா?" ஆமாம் என்றேன். "பெரியவங்க கூடவா?" ஆமாம் என்றேன். "இன்னாம்மா இது, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஐந்து வாரத்தில் நான் கேட்காத சிரிப்பு. எனக்கும் வந்தது. நைனா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் போனார்.

களத்தில் நடந்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் பயமாக இருந்தது, நெல் போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்தது, அதனால் இழுத்துவிட்டேன் என்று சொன்னேன். "சரி" என்றாள். அந்தச் சரி போதாது என்று எனக்குத் தெரியும். இன்னும் பல நாள் கேட்க வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்து பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். மதியத்துக்கு மேல்தான் மேகம் கட்டுகிறது, அதற்குள் வீடு சேர்ந்துவிடுவோம். அவளே சொல்லி எழுதச் சொன்னது இது. மேற்கே இருட்டினால் இனிமேல் அப்பா எங்கே உட்காருவாரோ, அவளும் அங்கேயே பக்கத்தில் உட்கார வேண்டுமாம். எங்கே உட்காருவீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

நிவேதா